சம்ப் வழிந்த ராத்திரிகள்: எங்கள் குடியிருப்புத் தண்ணீரை ஈபாநெட் மென்பொருளில் 28 நாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

போன ஏப்ரலில் எங்கள் குடியிருப்புக்கு 3 லாரித் தண்ணீர்தான் வாங்கினோம். அதற்கு முந்தைய ஏப்ரலில் 11. இடையில் புது போர் போடவில்லை, புதுத் தொட்டி கட்டவில்லை, யாரையும் தண்ணீரைக் குறைத்துப் புழங்கச் சொல்லவும் இல்லை. தண்ணீர் மட்டத்தோடு மிதந்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் இரண்டு ஃப்ளோட் சுவிட்சும் 70 மீட்டர் வயரும்தான் புதிதாக வந்தவை. அந்த இடத்துக்கு வந்து சேர எனக்கு ஏழு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் தவறான வழியில் போன நேரம். அதனால் வரிசையாக எழுதி வைக்கிறேன், இதே மாதிரி சம்ப், போர், மேல்நிலைத் தொட்டி என்று மல்லுக்கட்டும் சங்கங்கள் நிறைய இருக்கின்றன.

முதலில் இடம். கோவைக்கு வடக்கே 186 வீடுகள். இரண்டு போர், இரண்டும் காலை 6 மணியிலிருந்து மாலை 4 வரை ஓடும், கோடையில் ஒன்று விநாடிக்கு 1.5 லிட்டர், இன்னொன்று 1 லிட்டர். நாலு நாளைக்கு ஒரு முறை ராத்திரி 11 மணியிலிருந்து 3 மணி வரை பேரூராட்சித் தண்ணீர் வரும், விநாடிக்கு 5 லிட்டர். எங்கள் ஊரில் பல இடங்களில் நல்ல தண்ணிக்குத் தனிக் குழாய், உப்புத் தண்ணிக்குத் தனிக் குழாய் இருக்கும். எங்களுக்கு அப்படி இல்லை, எல்லாம் ஒரே சம்ப்பில் விழுந்து கலக்கிறது. சம்ப் 6 மீட்டருக்கு 4 மீட்டர், ஆழம் 2.5, ஆக 60,000 லிட்டர். அதிலிருந்து 5 எச்.பி. மோட்டார் 12 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு ஏற்றும். தொட்டியிலிருந்து வீடுகளுக்குக் காலை 5:30 முதல் 8:30 வரை, மாலை 5 முதல் 7 வரை வால்வு திறப்பார்கள்.

தாளில் கணக்குப் போட்டால் எல்லாம் சரியாக இருந்தது. வார நாளில் 104 கன மீட்டர் செலவு, சனி 110, ஞாயிறு 124, சராசரி நாளுக்கு 107.7. வரவு போர்களிலிருந்து 90, பேரூராட்சித் தண்ணீர் 72 கன மீட்டரை நாலால் வகுத்தால் 18, மொத்தம் 108. இழுத்துப் பிடித்தாலும் போதும். ஆனால் ஏப்ரல் வந்தால் லாரி வந்து நிற்கும், 12,000 லிட்டர் 1,800 ரூபாய். அப்புறம் கடைசித் தெருவில் இருப்பவர்களுக்குக் காலையில் தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறாது. சங்கக் கூட்டத்தில் மூன்றாவது போருக்கு 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் விலைப்புள்ளி வந்திருந்தது. 900 அடி போட்டும் தண்ணீர் வருமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாத ஊர் இது. முடிவெடுக்கும் முன் மூன்று மாதம் கொடுங்கள், கணினியில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். நான் மில் இயந்திரங்களின் மின் பராமரிப்பு பார்க்கிறவன், குழாய்க் கணக்கு எனக்குப் புதிது.

ஈபாநெட் என்பது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இலிருந்து இலவசமாகக் கொடுத்துவரும் மென்பொருள். குழாய், தொட்டி, மோட்டார், வால்வு எல்லாவற்றையும் வரைந்து, மணிக்கு மணி தேவை எவ்வளவு என்று கொடுத்தால், ஒவ்வொரு இடத்திலும் அழுத்தம், ஓட்டம், தொட்டி மட்டம் எல்லாம் கணக்கிட்டுத் தரும். பழைய மடிக்கணினியே போதும். என் வரைபடத்தில் 61 முனைகள் (குழாய்கள் சேரும் இடங்களும் தொட்டிகளும்), 68 இணைப்புகள் (அவற்றுக்கு நடுவில் உள்ள குழாய், மோட்டார், வால்வுகள்). வரைவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. உள்ளே போடும் எண்களைச் சேர்க்கத்தான் இரண்டு மாதம்.

முதல் தவறு உயரம். கூகுள் எர்த்தில் பார்த்து ஒவ்வொரு தெருவின் தரை உயரத்தையும் போட்டேன். அதன்படி கடைசித் தெரு தொட்டி அடியை விட 2 மீட்டர் தாழ்வு. ஓட்டினால் கடைசித் தெருவில் காலை 7 மணிக்கு 11.9 மீட்டர் அழுத்தம், அதாவது அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏறும் என்றது. 520 ரூபாய்க்கு வாங்கிய கிளிசரின் அழுத்த கேஜை அங்கே ஒரு வீட்டு வாசல் குழாயில் மாட்டினால் 0.45 பார், அதாவது 4.6 மீட்டர்தான். இவ்வளவு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எதையும் நம்ப முடியாது. கொத்தனார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, 20 மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி, தெருத் தெருவாக மட்டம் எடுத்தோம். டியூபில் காற்றுக்குமிழி நின்றால் மட்டம் பொய் சொல்லும், அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த இடம். ஒரு முழு நாள், 1,100 ரூபாய் கூலி. கடைசித் தெரு தாழ்வு இல்லை, 1.1 மீட்டர் மேடு. ஒரே அடியில் 3.1 மீட்டர் பிழை வெளியே வந்தது, கணினி அழுத்தம் 8.8 ஆக இறங்கியது. சமதளமான சின்ன இடத்துக்குச் செயற்கைக்கோள் உயரத்தை நம்பவே கூடாது.

அடுத்தது குழாய் விட்டம். 110 மி.மீ. பி.வி.சி. என்றால் 110 என்றே போட்டிருந்தேன். அது வெளிவிட்டம். பிளம்பர் அண்ணன் வைத்திருந்த வெட்டுத்துண்டை காலிப்பரில் அளந்தால் சுவர் 3.9 மி.மீ., உள்விட்டம் 102.2 தான் வருகிறது. 63 குழாய்க்கு உள்ளே 58.4. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் குழாயில் உரசி இழக்கும் அழுத்தத்தைக் கண்டுபிடிக்கும் ஹேசன்-வில்லியம்ஸ் கணக்கில் விட்டம் 4.87 அடுக்கில் வருவதால், அழுத்த இழப்பு 43 சதவீதம் கூடிவிடுகிறது. இதைத் திருத்தியதும் 8.8 என்பது 7.2 ஆனது. கேஜ் இன்னும் 4.6-இல் நிற்கிறது.

மீதி 2.6 மீட்டரைத் தேடி நான் குழாயின் சொரசொரப்பு எண்ணைக் குறைக்க ஆரம்பித்தேன், அது குறையக் குறைய இழப்பு கூடும். பி.வி.சி.க்கு 145 போட வேண்டிய இடத்தில் 130, 120 என்று இறக்கிக்கொண்டே போனால் கணினி கேஜோடு ஒத்துப்போனது. ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தேன், மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. பி.வி.சி. 12 வருடத்தில் அவ்வளவு கெட்டுப்போகாது. இன்னொரு கேஜ் வாங்கி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் தெருத் தெருவாக எடுத்த அளவில்தான் தெரிந்தது, இழப்பு குழாய் நெடுக இல்லை, மூன்றாம் தெரு முக்குக்கு முன்னும் பின்னும் மட்டும் அழுத்தம் பொத்தென்று விழுகிறது. அங்கே மண்ணுக்குள் ஒரு வால்வு. 14 சுற்றுத் திறக்க வேண்டியது 4 சுற்றுதான் திறந்திருந்தது. முன்பு எப்போதோ உடைப்புச் சரிசெய்தபோது மூடியதை முழுதாகத் திறக்க மறந்திருக்கிறார்கள். திறந்த மறுநாள் கேஜில் 0.7 பார், 7.1 மீட்டர். சொரசொரப்பைத் திரும்ப 145 ஆக்கினேன், கணினி 7.2. கடைசித் தெருவின் மூன்று வருடப் புகார் அன்றோடு தீர்ந்தது, அதற்கு நீண்டகால ஓட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அளவோடு ஒத்துப்போக வைக்க எண்ணைத் திருகாதீர்கள், அந்த வித்தியாசம்தான் தரையில் இருக்கும் கோளாறைக் காட்டுகிறது.

தொட்டி மட்டத்தைப் பதிவு செய்ய ஈ.எஸ்.பி.32 என்ற சின்னக் கணினிப் போர்டும் தண்ணீர் படாத மீயொலி சென்சாரும் வாங்கினேன், இரண்டும் சேர்ந்து 1,150. ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு. இந்த வகைச் சென்சாருக்கு முகத்துக்கு நேரே 20-25 செ.மீ. வரை கண் தெரியாது. தொட்டி நிரம்பும்போது தண்ணீர் அதற்குள் வந்துவிடுவதால் நிரம்பிய நேரத்தில் மட்டும் கண்டபடி எண் வந்தது. மேன்ஹோலுக்கு மேல் 30 செ.மீ. குழாய் வைத்து உயர்த்தினேன், குழாய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அது தண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. கடைசியில் ஆங்கிள் இரும்பில் ஸ்டாண்டு அடித்துத் திறந்தவெளியாக வைத்ததும்தான் சரியானது. தொட்டியின் உள்விட்டம் 7 மீட்டர், ஆக ஒரு செ.மீ. மட்டம் என்றால் 385 லிட்டர். வெளிவால்வை மூடிவிட்டு மோட்டாரைப் போட்டால் 5 நிமிடத்தில் 6 செ.மீ. ஏறியது, அதாவது விநாடிக்கு 7.7 லிட்டர். மீட்டர் இல்லாமலே மோட்டாரின் உண்மையான ஓட்டம் கிடைத்துவிட்டது. வீடுகளின் மணிக்கு மணி தேவையையும் இதே மாதிரி மட்டம் இறங்குவதிலிருந்துதான் எடுத்தேன்.

இப்போது ஓட்டம். முதலில் 24 மணி நேரம். சம்ப்பும் தொட்டியும் 2 மீட்டரில் தொடங்கின, மறுநாள் நள்ளிரவில் கிட்டத்தட்ட அதே மட்டத்தில் முடிந்தன. எல்லாம் சரி, தண்ணீர் போதும் என்றது. லாரி வந்து நின்ற குடியிருப்பில் தண்ணீர் போதும் என்று ஒரு மென்பொருள் சொன்னால் எங்கோ நான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்றுதான் அர்த்தம். தப்பு இதுதான்: நாலு நாளைக்கு ஒரு முறை வரும் 72 கன மீட்டரை, ஒரு நாள் ஓட்டத்தில் அடக்க வேண்டும் என்பதற்காக, மணிக்கு 0.75 கன மீட்டராகச் சமமாகப் பரப்பியிருந்தேன். தாள் கணக்கில் நான் செய்த அதே சராசரியைக் கணினிக்குள்ளும் செய்துவிட்டேன். சராசரியாக வரும் தண்ணீர் ஒருபோதும் வழியாது.

சரி, வருகிறபடியே கொடுப்போம் என்று 96 மணி நேரப் பேட்டர்ன் (எந்த மணிக்கு எத்தனை மடங்கு என்ற பட்டியல்) ஒன்று செய்தேன், அதில் நாலு மணி நேரம் மட்டும் 1, மீதி 92-உம் பூஜ்யம். சம்ப் பக்கத்து முனையில் தேவையை மைனஸ் 5 என்று வைத்தால் அது வரவாகிவிடும். வீட்டுத் தேவைக்கு வாரம் முழுவதற்குமான 168 மணிப் பேட்டர்ன். ஈபாநெட்டில் ஒவ்வொரு பேட்டர்னும் தன் நீளம் முடிந்ததும் தானே முதலிலிருந்து சுற்றும், அடுத்த பேட்டர்ன் எவ்வளவு நீளம் என்று அதற்குக் கவலை இல்லை. இந்த ஒரு வசதிதான் மொத்த வேலையையும் எளிதாக்கியது.

ஆனால் ஓட்டியதும் சம்ப் நிறைந்த அடுத்த கணமே அந்த முனையில் அழுத்தம் பல லட்சம் மீட்டர் என்று காட்டியது. இரண்டு மாலை நேரங்கள் இதில் போயின. குழாய் எங்கோ துண்டாகிவிட்டது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். காரணம் வேறு. நான் வைத்திருந்தது பழைய 2.0 பதிப்பு. அதில் தொட்டி நிறைந்தால் உள்ளே வரும் குழாயை மென்பொருளே மூடிவிடும். வரவு மட்டும் நிற்காது, போக இடமில்லாத 5 லிட்டரை மூடிய குழாய் வழியாகத் தள்ளினால் அழுத்தம் அப்படித்தான் ஏறும். 2020-இல் வந்த 2.2 பதிப்பில் தொட்டி வழியலாம் என்று ஒரு அனுமதி இருக்கிறது. அதைப் போட்டால் குழாய் மூடாது, மட்டம் உச்சியில் நிற்கும், நிகர வரவு மட்டும் தொடரும். அந்த நேரத்து நிகர வரவைக் கூட்டினால் எவ்வளவு வழிந்தது என்று கிடைத்துவிடும். எனக்குத் தேவையான எண்ணே அதுதான். போர்களை மட்டும் மைனஸ் தேவையாக வைக்காமல் மோட்டாராகவே வைத்தேன், சம்ப் நிறைந்தால் அவை நிற்கும், காலையில் திரும்ப ஓடும்.

2.2-இல் எனக்கு உதவிய இன்னொன்று அழுத்தத்தைப் பொறுத்துத் தேவையைக் கணக்கிடும் முறை. சாதாரண முறையில் தொட்டி காலியானாலும் வீடுகளுக்குக் கேட்ட தண்ணீரைக் கொடுத்தே தீரும், அதற்காக அழுத்தத்தை மைனஸ் ஆயிரக்கணக்கில் காட்டும். புது முறையில் அழுத்தம் குறைந்தால் கிடைக்கும் தண்ணீரும் குறையும். அதில் தேவையான அழுத்தம் என்ற இடத்தில் தானாக வரும் எண் 0.1, அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. மாடி இல்லாத வீட்டுக்கு 7 மீட்டர் என்பது நம் நாட்டுக் குடிநீர்க் கையேட்டில் நெடுங்காலமாக இருந்த அளவு, அதையே போட்டேன். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் பற்றாக்குறை எத்தனை கன மீட்டர், அதாவது எத்தனை லாரி என்று வந்துவிடும்.

ஏழு நாள் ஓட்டினேன். திங்கள் ராத்திரியும் வெள்ளி ராத்திரியும் பேரூராட்சித் தண்ணீர், இரண்டு ராத்திரியும் சம்ப் வழிந்தது. நான் தொடக்க மட்டத்தை அதிகமாக வைத்துவிட்டேன் போல என்று அதை நம்பவில்லை. அப்போதுதான் தோன்றியது, தண்ணீர் வருவது நாலு நாள் சுற்று, செலவு ஏழு நாள் சுற்று, இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் சந்திக்க 28 நாள் வேண்டும். அந்த 28 நாளில் ஏழு ராத்திரி தண்ணீர் வரும், வாரத்தின் ஏழு கிழமைக்கும் ஒவ்வொரு முறை. அதற்குக் குறைவாக ஓட்டினால் எந்தக் கிழமைகள் மாட்டுகின்றன என்பது நான் எந்த நாளில் தொடங்கினேன் என்பதைப் பொறுத்தது, அதில் வரும் விடை எங்கள் குடியிருப்பைப் பற்றியது இல்லை.

56 நாள் ஓட்டினேன். முதல் 28 நாளைத் தூக்கி எறிந்தேன், தொடக்க மட்டம் நான் கற்பனையாக வைத்தது என்பதால். இரண்டாவது 28 நாளில் வழிந்தது 156 கன மீட்டர். ஞாயிறு ராத்திரி வந்த தண்ணீரில் 6 மட்டும் வீண், ஏனென்றால் ஞாயிறு செலவில் சம்ப் இறங்கியிருந்தது. புதன் ராத்திரி 38 வீண். கோட்டுப்படத்தில் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. கீழே சம்ப் வழிந்துகொண்டிருக்கிறது, அதே நேரத்தில் மேலே தொட்டியில் ஒரு மீட்டருக்கு மேல் காலி, கிட்டத்தட்ட 40 கன மீட்டருக்கு இடம் சும்மா இருக்கிறது. மோட்டாரின் ஆட்டோ ஸ்டார்ட்டர் தொட்டி 1.2 மீட்டருக்குக் கீழே போனால்தான் ஓடும், 2.5-இல் நிற்கும். மாலை விநியோகம் முடிந்து தொட்டி 1.4-இல் நின்றால் காலை வரை அது அசையாது. சம்ப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க அதற்குக் கண் இல்லை.

ராத்திரிக் காவலுக்கு வரும் பெரியவரிடம் மறுநாள் கேட்டேன். "ஆமாங்க, நாலு நாளைக்கு ஒருக்கா அந்த மழைத்தண்ணி கால்வாயில சலசலன்னு கேக்குமுங்க. குழா ஏதாச்சும் தொறந்து விட்டிருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன்" என்றார். சம்ப்பின் வழிகுழாய் நேரே அந்த மூடிய கால்வாய்க்குள்தான் போகிறது. பகலில் வருகிறவர்கள் பார்க்க அங்கே எதுவும் இருக்காது.

அந்த 28 நாளுக்குப் பற்றாக்குறை 148 கன மீட்டர் வந்தது, லாரிக் கணக்கில் பன்னிரண்டு. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் அந்த ஏப்ரலுக்கு 11. அந்த ஒற்றுமைக்குப் பிறகுதான் நான் இந்தக் கணக்கை வெளியே சொல்லத் துணிந்தேன்.

காலப்படியைப் பற்றி, அதாவது எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை கணினி புதிதாகக் கணக்கிடுகிறது என்பதைப் பற்றி, ஒரு வார்த்தை. ஒரு மணி நேரப் படியில் ஓட்டியபோது வழிவு 171 என்று வந்தது. 5 நிமிடப் படியில் 156, ஒரு நிமிடத்தில் 155. ஈபாநெட் தொட்டி மட்டத்தை அந்தப் படி முழுவதும் ஓட்டம் மாறாது என்று வைத்துத்தான் நகர்த்துகிறது, நாள் கணக்கில் ஓட்டும்போது சின்னப் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் 5 நிமிடத்தில் நிறுத்திக்கொண்டேன். முடிவுகளைக் கோப்பில் எழுதும் இடைவெளியான அறிக்கைப் படியையும் 5 நிமிடமாக வைத்தால் கோப்பு பெரிதாகும், கணக்கு எளிது: ஒவ்வொரு முனைக்கும் 4 எண், ஒவ்வொரு இணைப்புக்கும் 8 எண், எண்ணுக்கு 4 பைட். என் வரைபடத்துக்கு ஒரு அறிக்கைக்கு 3,152 பைட். ஒரு வருடம் மணிக்கு ஒன்று என்றால் 28 எம்.பி.க்குள், 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 331 எம்.பி. நகர வலைப்பின்னல் அளவில் ஓட்டுகிறவர்கள் முதலிலேயே இந்தப் பெருக்கலைப் போட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

தீர்வு தெரிந்துவிட்டது: சம்ப் 2.2 மீட்டரைத் தாண்டி, தொட்டி 2.3-க்குக் கீழே இருந்தால் மோட்டார் ஓடட்டும். ஈபாநெட்டின் எளிய கட்டுப்பாட்டு வரியில் ஒரு நிபந்தனைதான் வைக்கலாம், இரண்டு நிபந்தனை சேர்ந்தால் விதி எழுத வேண்டும். எழுதினேன், மோட்டார் ஒவ்வொரு படியிலும் ஓடி ஓடி நின்றது. பழைய எளிய வரிகளை நீக்காமல் விட்டிருந்தேன், அவை ஒரு பக்கம் நிறுத்த, விதி இன்னொரு பக்கம் ஓட்ட, இரண்டும் சண்டை. எல்லாவற்றையும் விதியாகவே மாற்றி, தொட்டி 2.5-இல் நிறுத்துவதற்கு அதிக முன்னுரிமை கொடுத்ததும் அடங்கியது. விதிகளைச் சரிபார்க்கும் இடைவெளி, நாம் எதுவும் சொல்லாவிட்டால், காலப்படியில் பத்தில் ஒரு பங்கு. ஒரு மணிப் படியில் அது 6 நிமிடம், அதற்குள் எங்கள் மோட்டார் 2.8 கன மீட்டரைத் தள்ளிவிடும், இதையும் கவனிக்க வேண்டும். புது விதியோடு 28 நாள் வழிவு 156-இலிருந்து 19 ஆனது, பற்றாக்குறை 11 கன மீட்டர், ஒரு லாரி.

சங்கத்தில் ஒருவர் கேட்டார், ஏப்ரலுக்குச் சரி, மழைக்காலத்தில் இது ஏதாவது கெடுதல் செய்யுமா என்று. நல்ல கேள்வி. வருடம் முழுவதும் ஓட்ட வேண்டும், ஆனால் போரின் ஊற்று மாதத்துக்கு மாதம் மாறும். 364 நாள் என்பது சரியாக 13 இருபத்தெட்டு நாள். பைத்தான் நிரல்மொழியில் டபிள்யூ.என்.டி.ஆர். என்ற இலவசத் தொகுப்பு ஈபாநெட் கோப்பைத் திறந்து, மாற்றி, ஓட்டி, முடிவை அட்டவணையாகக் கொடுக்கும். 13 துண்டாக ஓட்டினேன், ஒவ்வொரு துண்டுக்கும் அந்தக் காலத்துப் போர் அளவு, அந்தக் காலத்துத் தேவை, முந்தைய துண்டு முடிந்த மட்டத்திலிருந்து அடுத்த துண்டு தொடங்கும். 28 நாலாலும் ஏழாலும் வகுபடுவதால் பேட்டர்ன்கள் தானாகவே சரியான இடத்தில் தொடர்ந்தன. இந்த நிரல் 60 வரிகூட இல்லை. மழைக்காலத்தில் எப்படியும் எல்லாம் நிறைந்து வழிகிறது, புது விதி அங்கே ராத்திரியில் மோட்டாரைக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டுகிறது, அவ்வளவுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்த சுவிட்சை அணைத்து வைக்க ஒரு குமிழ் வைத்துக்கொண்டோம்.

வேலை செய்தது பிப்ரவரி கடைசி வாரம். இரண்டு ஃப்ளோட் சுவிட்ச் 760, காண்டாக்டரும் ரிலேவும் 1,900, தொட்டியிலிருந்து சம்ப் வரை 70 மீட்டர் வயர் 2,450, எலக்ட்ரீஷியன் தம்பிக்குக் கூலி 1,200, மொத்தம் 6,310 ரூபாய். முதல் வாரம் சம்ப் ஃப்ளோட் விழும் தண்ணீரின் அலையில் ஆடி, மோட்டார் அடுத்தடுத்து ஓடி நின்றது. 160 மி.மீ. குழாயை நிற்க வைத்து, அடியில் ஓட்டை போட்டு, ஃப்ளோட்டை அதற்குள் விட்டதும் சரியானது. இதை எந்த மென்பொருளும் சொல்லியிருக்காது, அதில் சம்ப் எப்போதும் அலை இல்லாத தண்ணீர்.

கணினி ஒரு லாரி என்றது, வாங்கியது 3. ஏப்ரல் நடுவில் இரண்டாவது போரின் ஊற்று 1 லிட்டரிலிருந்து 0.7-க்கு இறங்கிவிட்டது, அதை நான் சேர்க்கவில்லை. வாளியும் ஸ்டாப்வாட்சும் வைத்து மாதம் ஒரு முறை அளந்த எண்களைத்தான் போட்டிருந்தேன், அந்த இறக்கம் இரண்டு அளவுகளுக்கு நடுவில் நடந்தது. 0.7 போட்டுத் திரும்ப ஓட்டினால் அந்தத் துண்டுக்கு 4 லாரி வருகிறது.

திரும்பச் செய்வதாக இருந்தால் முதல் நாளே டியூப் லெவல் எடுத்துவிட்டுத்தான் கணினியைத் தொடுவேன். வரவு செலவு எந்தெந்தச் சுற்றில் வருகிறது என்பதை முதலில் எழுதி, அவை சந்திக்கும் நாளை ஓட்டத்தின் குறைந்தபட்ச நீளமாக வைப்பேன். வீடுகளின் மாடித் தொட்டிகளைத் தெருவுக்கு ஒரு தொட்டியாகச் சேர்த்து வரைய வேண்டும் என்று இருக்கிறது, காலை 5:30-க்கு வால்வு திறந்ததும் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்து இழுப்பதை என் இப்போதைய பேட்டர்ன் சரியாகக் காட்டவில்லை. இரண்டு போருக்கும் ஆளுக்கொரு மீட்டர் வாங்க சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது, இந்த மாதக் கடைசியில் மாட்டுகிறோம். மாட்டியதும் வாரா வாரம் ஞாயிறு ராத்திரி அந்த வாரத்து அளவைப் போட்டு அடுத்த 28 நாளை ஓட்டி, எந்த ராத்திரி வழியும், எந்தக் காலை குறையும் என்று காவல் அறைப் பலகையில் எழுதிப் போடப் போகிறேன். பெரியவர் தேதி பார்த்து அந்த ராத்திரி சம்ப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.